நாதத்துக்கு ஓர் உரைகல்

நகைக் கடைக்குப் போகிறீர்கள். ஒரு சங்கிலியை எடுத்து உங்கள் கையில் வைத்து, "அசல் தங்கம், அம்மா!" என்கிறார் கடைக்காரர். பளபளப்பைப் பார்த்து மயங்கி உடனே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவீர்களா? மாட்டீர்கள். முத்திரை இருக்கிறதா, உரைத்துப் பார்த்தால் மாற்று நிற்கிறதா என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகுதான் பர்ஸைத் திறப்பீர்கள். ஆனால் பாட்டுக் கேட்கும் கருவி வாங்கப் போகும்போது மட்டும் நம்மில் பலர் இந்த ஜாக்கிரதையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறோம்!

"இந்தப் பெட்டியில் பாடகரின் மூச்சு கூடக் கேட்கும், ஸார்! அந்தப் பெட்டியை விட இதில் நாதம் கொஞ்சம் குளிர்ச்சி" என்கிறார் விற்பனையாளர். குளிர்ச்சியா? எத்தனை டிகிரி? யார் அளந்தார்கள்? கேட்க நமக்குத் துணிவில்லை. "நமக்குத்தான் ஞானம் போதவில்லை போலிருக்கிறது" என்று எண்ணி, தலையை ஆட்டிவிட்டு, ஒரு மாதச் சம்பளத்தை மேஜை மேல் வைக்கிறோம்.

இனிமேல் அப்படிச் செய்யத் தேவையில்லை. எண்களை இசையாக மாற்றும் கருவிகளுக்கும் ஓர் உரைகல் இருக்கிறது. அது என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போமா?

புள்ளிக் கோலமும் பாட்டும்

முதலில் கருவியைத் தெரிந்துகொள்ளுவோம். 'டாக்' என்று சுருக்கமாக அதைச் சொல்லுகிறார்கள். எண்களாக எழுதி வைத்த பாட்டை மின்சார அலையாக மாற்றுவது அதன் உத்தியோகம். உங்கள் டெலிபோனிலும், டெலிவிஷனிலும், கம்ப்யூட்டரிலும் ஒரு டாக் ஒளிந்துகொண்டிருக்கிறது. அதையே தனிப் பெட்டியாகச் செய்து, அழகான அலுமினிய உறை போட்டும் விற்கிறார்கள்.

பாட்டை எண்ணாக எழுதுவது எப்படி? மார்கழி மாதத்தில் வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் புள்ளிகள், பிறகு அவற்றை அனுசரித்து வளைந்து செல்லும் இழை. 1982-ம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க் என்னும் ஒலித்தட்டில், வினாடி ஒன்றுக்கு 44,100 புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியும் 65,536 படிகளில் ஏதாவது ஒரு படியில் நிற்கும். டாக்கின் வேலை, இந்தப் புள்ளிகளைப் பார்த்து இழையை மீண்டும் போடுவது.

"புள்ளிகளுக்கு நடுவே உள்ளது தொலைந்து போகாதோ? அலை, படிக்கட்டு மாதிரி ஆகிவிடாதோ?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் அமெரிக்க மேதை கிளாட் ஷானன் 1949-ல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு விடை இருக்கிறது. ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் நெருக்கமாகப் புள்ளி வைத்துவிட்டால், அந்தப் புள்ளிகளின் வழியே ஒரே ஓர் இழையைத்தான் போட முடியும். வேறு வழியே கிடையாது! மனிதச் செவி வினாடிக்கு சுமார் 20 முதல் 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். வயது ஏற ஏற, மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும். ஆகவே 44,100 புள்ளிகள் தாராளமாய்ப் போதும்.

புள்ளி சரி. கோலம் போடுகிற கை நடுங்கினால்? அங்கேதான் அளவை வருகிறது.

ஒரே ஒரு ஸ்வரம்

டாக்கைச் சோதிக்கிறவர்கள் அதற்குக் கீர்த்தனையோ சினிமாப் பாட்டோ கொடுப்பதில்லை. வினாடிக்கு 1000 தடவை அதிரும் ஒரே ஒரு தூய ஸ்வரத்தை எண்களாகக் கொடுக்கிறார்கள். டாக் அதை மின்சார அலையாக்கி, வழக்கமாக 2 வோல்ட் அளவில் வெளியே விடுகிறது. அந்த அலை ஒரு பரிசோதனைக் கருவிக்குள் போகிறது. இந்தத் துறையில் பெயர் பெற்ற கருவிகளைச் செய்வது அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தில் உள்ள 'ஆடியோ பிரிஸிஷன்' கம்பெனி. 1984-ல் ஆரம்பமானது. அதன் உயர்ந்த ரகக் கருவி ஒன்றின் விலை பல பதினாயிரம் டாலர்!

கருவி செய்யும் வேலை வேடிக்கையானது. நாம் கொடுத்த ஸ்வரத்தை அப்படியே வழித்து எடுத்துவிடுகிறது. பிறகு மிச்சம் என்ன என்று பார்க்கிறது. டாக் உத்தமமானதாக இருந்தால் மிச்சம் பூஜ்யமாக இருக்க வேண்டும். உலகத்தில் அவ்வளவு உத்தமம் ஏது? ஏதாவது மிஞ்சத்தான் செய்யும்.

மிஞ்சுவது இரண்டு ஜாதி. ஒன்று, இரைச்சல். மழைச் சாரல் மாதிரி எங்கும் பரவியிருக்கும் 'உஸ்' என்ற சத்தம். இன்னொன்று, கோணல். இதைப் புரிந்துகொள்ள நம் தம்பூராவே போதும். மந்தரத் தந்தியை மீட்டினால் அந்த ஸட்ஜத்தோடு கூடவே அந்தர காந்தாரமும் தானாக எழுந்து காதில் விழுகிறதல்லவா? அவை அனுஸ்வரங்கள். தம்பூராவுக்கு அது அழகு. ஆனால் டாக் தன் சொந்தப் பொறுப்பில் இப்படி அனுஸ்வரம் சேர்த்தால் அது அதிகப்பிரசங்கித்தனம்! 1000 கொடுத்தால் 2000, 3000, 4000 என்று வால்கள் முளைத்திருப்பதைக் கருவியின் திரையில் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இரைச்சலையும் கோணலையும் கூட்டி, மூல ஸ்வரத்தோடு ஒப்பிட்டு ஓர் எண்ணாகச் சொல்லுவார்கள். அதற்கு 'ஸினாட்' என்று பெயர். எண் பெரிதாக இருந்தால் பெட்டி சுத்தம்.

டெஸிபல் கணக்கு

ஸினாட்டை டெஸிபல் என்னும் அளவில் சொல்லுகிறார்கள். டெலிபோனைக் கொடுத்த கிரஹாம் பெல்லின் பெயரில் பிறந்த அளவு இது. பயப்பட வேண்டாம், கணக்கு மிகச் சுலபம். ஒவ்வொரு 20 டெஸிபலுக்கும் ஒரு பூஜ்யம் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 என்றால் பத்தில் ஒரு பங்கு அழுக்கு. 40 என்றால் நூற்றில் ஒன்று. 60, ஆயிரத்தில் ஒன்று. 100, லட்சத்தில் ஒன்று. 120 என்றால் பத்து லட்சத்தில் ஒன்று!

காம்பாக்ட் டிஸ்க்கின் சித்தாந்த எல்லை சுமார் 98 டெஸிபல். இன்றைய நல்ல டாக்குகள் இதைத் தாண்டி 110, 115 என்று போகின்றன. 120-ஐத் தாண்டியவையும் உண்டு. 2 வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால் 2 மைக்ரோ வோல்ட். அந்த மட்டத்தில், பெட்டிக்குள் உள்ள தடைகளில் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் துடிக்கும் துடிப்பே இரைச்சலாகத் தெரிய ஆரம்பித்துவிடும். அதற்கு மேல் பொறியியல் நிபுணர் சண்டை போட வேண்டியது இயற்கையோடு!

சரி, காதுக்கு எவ்வளவு வேண்டும்? இராத்திரி ஊர் அடங்கிய பிறகும் ஒரு சாதாரண அறையில் சுமார் 30 டெஸிபல் சத்தம் இருந்துகொண்டேயிருக்கும். பாட்டை அண்டை வீட்டார் கதவைத் தட்டும் அளவுக்கு வைத்தாலும் 100-ஐ ஒட்டித்தான் நிற்கும். இடைவெளி 70. அறையின் சத்தத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் மெல்லிய ஒலியையும் காது கொஞ்சம் துழாவிப் பிடிக்கும் என்பதற்காக இன்னும் ஒரு 20, 25 கூட்டிக்கொள்ளுங்கள். நூறுக்குள் அடங்கிவிடுகிறது கணக்கு.

இப்போது ஒரு சமாசாரம். 2018-ல் ஆப்பிள் கம்பெனி, டெலிபோனில் ஹெட்போனைச் செருகுவதற்கென்று சுண்டு விரல் அகல நாடா ஒன்றை வெளியிட்டது. அமெரிக்காவில் விலை 9 டாலர். அதன் முனையில் ஒரு குட்டி டாக் இருக்கிறது. அதை அளந்து பார்த்தார்கள். ஸினாட் சுமார் 99! பல ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கும் வீட்டு சினிமா ரிஸீவர்களில் சில இந்த எண்ணை எட்டவில்லை. நாடாவில் வோல்ட் கொஞ்சம் குறைவு என்பது வாஸ்தவம். ஆனாலும் விலைக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தம் எவ்வளவு மெல்லியது என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா?

மொத்த மார்க் போதுமா?

பரீட்சையில் பையன் மொத்தம் 480 வாங்கினான் என்றால் சந்தோஷந்தான். ஆனால் கணக்கில் எத்தனை, தமிழில் எத்தனை என்று பிரித்துக் கேட்கத்தானே செய்வோம்? ஸினாட்டும் மொத்த மார்க் மாதிரி. அதில் எல்லாம் அடங்காது. ஆகவே இன்னும் சில பரீட்சைகள் வைக்கிறார்கள்.

ஸ்வரத்தின் பலத்தைப் படிப்படியாகக் குறைத்து, மிக மெல்லிய நிலையிலும் டாக் அளவு தவறாமல் இறங்குகிறதா என்று பார்ப்பது ஒன்று. ஒரு ஸ்வரத்துக்குப் பதில் 32 ஸ்வரங்களை ஒரே சமயத்தில் கொடுத்து, அவை ஒன்றோடொன்று கலந்து புது ஸ்வரம் பிறக்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. உண்மையான சங்கீதத்துக்கு இதுதான் கிட்டத்தட்டச் சமானம்.

மூன்றாவது, தாளப் பரீட்சை! வினாடிக்கு 44,100 புள்ளிகள் என்றால், ஒவ்வொன்றும் சரியான கணத்தில் விழ வேண்டும். மிருதங்கக்காரர் அரை அட்சரம் முன்னே பின்னே தட்டினால் கச்சேரி என்ன ஆகும்? டாக்கின் கடிகாரம் நடுங்கினாலும் அப்படித்தான். மூல ஸ்வரத்தின் இரு பக்கமும் குட்டிக் குட்டி முட்கள் முளைக்கும். இதைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஜூலியன் டன் என்ற ஆங்கில நிபுணர் 'ஜே-டெஸ்ட்' என்னும் பரீட்சையை வகுத்தார். இன்று வரை அதுதான் வழக்கில் இருக்கிறது.

நான்காவது, நம் ஊருக்கு மிகவும் வேண்டியது. வீட்டு மின்சாரம் இந்தியாவில் வினாடிக்கு 50 தடவை அலைகிறது. பல கருவிகளைக் கம்பிகளால் பிணைக்கும்போது அந்த 50-ம், அதன் மடங்கான 100, 150-ம் 'ஊம்' என்ற ரீங்காரமாக உள்ளே நுழைந்துவிடும். பரிசோதனை மேஜையில் 115 வாங்கிய பெட்டி, வீட்டில் எர்த் இணைப்புச் சரியில்லாவிட்டால் ஊமத்தான் செய்யும். குற்றம் பெட்டியுடையதல்ல.

ஐந்தாவது, மெல்லக் கேட்கும்போது பெட்டி எப்படி நடந்துகொள்கிறது என்பது. முழு பலத்தில் வாங்கிய மார்க்கை மட்டும் விளம்பரத்தில் போடுகிறார்கள். குழந்தை தூங்கிய பிறகு ஹெட்போனில் மெல்லப் பாட்டுக் கேட்கும்போது ஸ்வரம் சுருங்கிவிடும். இரைச்சல் சுருங்காமல் அப்படியே நின்றால் 'உஸ்' என்பதும் கூடவே கேட்கும். வாங்குகிறவர் இந்த எண்ணையும் தேடிப் பார்க்க வேண்டும்.

தீயில் வெந்த சிப்

அளந்து பார்ப்பதன் அவசியத்தை உலகத்துக்கு உணர்த்தியது ஒரு தீ விபத்து. டாக் பெட்டியின் இருதயம், விரல் நகத்தளவு இருக்கும் ஒரு 'சிப்'. இதைத் தயாரிப்பவர்களில் புகழ் பெற்றது ஜப்பானின் அஸாஹி கஸெய் கம்பெனி. 2020-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி, மியாஸகி மாவட்டத்தில் நொபெயோகா ஊரில் இருந்த அதன் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. நெருப்பை அணைக்க மூன்று நாட்களுக்கு மேல் ஆயிற்று. டாக் சிப்புகளுக்கு உலகமெங்கும் பஞ்சம் வந்துவிட்டது.

ஜெர்மனியில், மியூனிக் நகரத்துக்கு அருகே 'ஆர்.எம்.ஈ.' என்ற கம்பெனி இருக்கிறது. அதன் 'ஏ.டி.ஐ.-2 டாக்' என்னும் பெட்டி ரஸிகர்களிடையே பிரசித்தம். அதற்குள் இருந்ததும் இந்த ஜப்பானியச் சிப்தான். வேறு வழியில்லாமல் 2021-ல் கலிபோர்னியாவின் ஈ.எஸ்.எஸ். கம்பெனிச் சிப்புக்கு மாறினார்கள். பெட்டியின் பெயர் அதே, முகம் அதே, இருதயம் மட்டும் வேறு!

ஜப்பானியச் சிப்புக்கு ஒரு குணம், அமெரிக்கச் சிப்புக்கு ஒரு குணம் என்று பல காலமாகவே ரஸிகர்களிடையே பேச்சு உண்டு. முன்னது மிருது, பின்னது கூர்மை. ஆனால் அளவுக் கருவிக்கு வதந்தி தெரியாது. மாறிய பெட்டியையும் மேஜையில் வைத்து அளந்தார்கள். எண்கள் பழையதற்குக் குறைவாக இல்லை. சிப்பின் பெயரைப் பார்த்து மார்க் போடக் கூடாது, முழுப் பெட்டியையும் அளந்துதான் போட வேண்டும் என்பது தெளிவாயிற்று. நல்ல அரிசி மட்டும் இருந்தால் ஆயிற்றா? உலை வைக்கிற கையும் வேண்டுமே!

வேண்டுமென்றே மாற்றும் பெட்டி

இந்த ஜெர்மானியப் பெட்டி வெறும் டாக் மட்டுமல்ல, ப்ராஸஸரும் கூட. தாழ்ந்த ஸ்வரத்தைக் கூட்டலாம், உயர்ந்ததைக் குறைக்கலாம், மெல்லக் கேட்கும்போது காது தவறவிடும் அடித் தளத்தைத் தானாகவே ஈடு செய்யவும் சொல்லலாம். மெல்லிய ஒலியில் தாழ்ந்த ஸ்வரங்கள் காதுக்கு எட்டுவதில்லை என்பதை ஃப்ளெட்சர், மன்ஸன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1933-லேயே அளந்து காட்டினார்கள்.

"ஒன்றையும் மாற்றாமலிருப்பதுதான் உத்தமம் என்றீர்களே, இது வேண்டுமென்றே மாற்றுகிறதே! எப்படி அளப்பது?" என்று நீங்கள் மடக்கலாம். கேட்டதை மட்டும் மாற்றுகிறதா, கேட்காததையும் சேர்த்து மாற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். 100 அதிர்வில் 6 டெஸிபல் கூட்டு என்றால் 6-தான் கூட வேண்டும். 5-ம் கூடாது, 7-ம் கூடாது. புதிய கோணல் தலைகாட்டக் கூடாது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எண்களுக்கு உச்சி என்று ஒன்று இருக்கிறது. அதற்கு மேல் எண் கிடையாது. 6 டெஸிபல் கூட்டினால் அலை இரண்டு மடங்காகிறது. ஏற்கனவே உச்சியில் இருந்த அலை தலை நசுங்கிப் போகும். ஆகையால் முதலில் மொத்தத்தையும் 6 குறைத்துவிட்டு, பிறகு கூட்ட வேண்டும். 115 வாங்கிய பெட்டிக்கு அதனால் நஷ்டமில்லை. 109 கையில் நிற்கும். 95-ல் நிற்கும் பெட்டி 89-க்கு இறங்கிவிடும். காதுக்குத் தேவையில்லாத அந்த உபரி மார்க்குக்கு உண்மையான உபயோகம் இங்கேதான்.

அறை செய்யும் குறும்பு

ப்ராஸஸர் எதற்கு வேண்டும்? உங்கள் அறைக்காக! 4 மீட்டர் நீளமுள்ள ஓர் அறை, வினாடிக்கு சுமார் 43 அதிர்வுள்ள ஒலியைத் தன் இரண்டு சுவர்களுக்கு நடுவே பந்தாடும். சில இடங்களில் அந்த ஒலி 10 டெஸிபல், அதற்கு மேலும் பெருத்துவிடும். 10 டெஸிபல் என்றால் அலை மூன்று மடங்கு. இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் அதே ஒலி மெலிந்து போகும்!

யோசித்துப் பாருங்கள். டாக் செய்யும் பிழை லட்சத்தில் ஒரு பங்கு. அறை செய்யும் பிழை மூன்று மடங்கு. லட்சத்தில் ஒரு பங்கைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காக்க ஐம்பதாயிரம் ரூபாய் செலவழித்துவிட்டு, மூன்று மடங்கை அப்படியே விட்டுவைப்பது, நெல்லில் கல் பொறுக்கிக்கொண்டே களஞ்சியத்தின் கதவைத் திறந்து போட்ட கதைதான். ஸ்பீக்கரும் அப்படியே, நல்ல ஸ்பீக்கர்களின் கோணல் கூட டாக்கின் கோணலைப் போல் பல நூறு மடங்கு இருக்கும்.

காது என்ன சொல்கிறது?

"எண் கிடக்கட்டும், ஸ்வாமி! என் காதுக்கு வித்தியாசம் தெரிகிறதே!" என்கிறவர்களை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. சங்கீதம் காதுக்காகத்தான். ஆனால் காதோடு கண்ணும் சேர்ந்துகொள்கிறது. விலைச் சீட்டும் சேர்ந்துகொள்கிறது. அவற்றை விலக்கிவிட்டுக் கேட்டுப் பார்த்தார்கள்.

2007-ல் மேயர், மொரான் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அத்தகைய சோதனை ஒன்றின் முடிவை வெளியிட்டார்கள். காம்பாக்ட் டிஸ்க்கை விட நுட்பமான ஒலித்தட்டுகளைப் பாட வைத்து, நடுவே காம்பாக்ட் டிஸ்க் தரத்துக்கு இறக்கும் ஒரு பெட்டியை ரகசியமாகச் செருகியும் எடுத்தும் பார்த்தார்கள். மொத்தம் 554 தடவை கேள்வி கேட்டார்கள். சரியாகச் சொன்னது 276 தடவை. காசைச் சுண்டிப் போட்டாலும் பாதி சரியாக விழுமே! சாதாரண அளவைக் காட்டிலும் மிகவும் உரக்க வைத்தபோது மட்டும், பாட்டில்லாத இடத்தில் இரைச்சல் வித்தியாசம் தெரிந்தது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2016-ல் லண்டன் குவீன் மேரி பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜோஷுவா ரீஸ், இம்மாதிரிச் சோதனைகள் 18-ஐத் திரட்டி, 12,500-க்கு மேற்பட்ட விடைகளைக் கூட்டிப் பார்த்தார். சரியான விடைகள் நூற்றுக்கு 52-க்குச் சற்று மேல். அற்ப வித்தியாசந்தான், ஆனால் தற்செயல் என்று தள்ள முடியாதது. நன்றாகப் பழக்கம் கொடுக்கப்பட்டவர்கள் இன்னும் சற்று அதிகமாகக் கண்டுபிடித்தார்கள். ஆகவே நுட்பக் காது என்று ஒன்று இல்லாமலில்லை. விற்பனையாளர் சொல்லும் இரவுக்கும் பகலுக்குமான வித்தியாசந்தான் இல்லை!

வாங்கப் போகுமுன்

ஆகவே, புது டாக் வாங்க நினைக்கும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள்.

தனியார் யாராவது அளந்து வெளியிட்ட எண்களைத் தேடுங்கள். 100-ஐ ஒட்டியோ தாண்டியோ இருந்தால், சுத்தத்தைப் பற்றிய கவலையை விடுங்கள். அதற்கு மேல் கொடுக்கும் பணம் வசதிக்காக இருக்கட்டும்: வேண்டிய இணைப்புகள், கைக்கு அடக்கமான ரிமோட், ஒலியைத் திருத்தும் ப்ராஸஸர், பழுது பார்த்துக் கொடுக்கும் ஏற்பாடு. இவையெல்லாம் பணம் பெறும்.

இரண்டு பெட்டிகளை ஒப்பிட்டுக் கேட்பதானால், இரண்டின் ஒலியையும் வோல்ட் மீட்டர் கொண்டு சமமாக்கிக்கொள்ளுங்கள். அரை டெஸிபல் உரக்க ஒலிப்பதைக் காது 'உரக்க' என்று சொல்லாது. 'உயர்வு' என்று சொல்லிவிடும். பிறகு வீட்டில் யாரையாவது பெட்டியை மாற்றிப் போடச் சொல்லி, எது ஓடுகிறது என்று பார்க்காமல் சொல்லுங்கள். பத்துத் தடவையாவது செய்யுங்கள். இதற்குக் குழந்தைகளைப் போல் உற்சாகமான உதவியாளர் கிடைக்க மாட்டார்கள்!

அறையை அளக்க, 'ரூம் ஈக்யூ விஸர்ட்' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சுமாரான விலையில் ஓர் அளவை மைக் இருந்தால் போதும். நாற்காலியை இரண்டடி நகர்த்துவதும், ஜன்னலுக்குக் கனமான திரை போடுவதும் எந்த விளம்பரத்திலும் வராத வைத்தியங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, பெட்டிக்காக ஒதுக்கி வைத்த பணத்தில் ஒரு பகுதி கட்டாயம் மிச்சமாகும். அதைக் கொண்டு குடும்பத்தோடு ஒரு நல்ல கச்சேரிக்குப் போய் வாருங்கள். அங்கே டாக்கும் கிடையாது, ஸினாட்டும் கிடையாது. பின் வரிசையில் யாராவது இருமுவார்கள், அவ்வளவுதான்!